வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்து படம் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு படம் இரண்டு மணி நேரம் ஓடும். 40 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் கழுத்தளவு உட்கார்ந்தால் உடம்பு நிம்மதியாகத் தாங்குவது 15 முதல் 20 நிமிடம்தான். வெந்நீரில் படம் பார்ப்பதில் வரும் தொல்லைகளில் முக்கால்வாசி இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்க்காததால் வருபவை.

இந்தப் பழக்கம் வெளிநாடுகளில் புதிதல்ல. லண்டனில் 2012இல் தொடங்கிய ஹாட் டப் சினிமாவில் மொட்டைமாடியில் வரிசையாகத் தொட்டிகளை வைத்துப் படம் போட்டார்கள். ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக் திரைப்பட விழாவில் 1937இல் கட்டிய சுண்ட்ஹோல் நீச்சல் குளத்திலேயே திரை கட்டி, பார்வையாளர்களைத் தண்ணீருக்குள் உட்காரவைத்தார்கள். ஜப்பானிய வீடுகளில் குளியலறைச் சுவரிலேயே நீர் புகாத டிவியைப் பதித்து விற்கிறார்கள். இப்போது காற்றடைத்த தொட்டிகள் வந்துவிட்டதால் வீட்டுத் தோட்டத்திலும் இதைச் செய்கிறார்கள். அங்கேதான் தவறுகளும் அதிகம்.

முதல் தவறு: குளிக்கிற சூட்டில் படம் பார்ப்பது

நம் உடம்பின் உள்சூடு சுமார் 37 டிகிரி. தண்ணீர் அதைவிடச் சூடாக இருந்தால் உடம்பின் சூடு வெளியே போக வழியில்லை. வியர்த்தாலும் பயனில்லை, தண்ணீருக்குள் வியர்வை ஆவியாகாது. உள்சூடு மெதுவாக ஏறிக்கொண்டே போகும். படத்தில் மனம் ஒன்றியிருப்பவருக்கு அது உறைக்காது. சும்மா குளிப்பவர் 'போதும்' என்று எழுந்துவிடுவார். படம் பார்ப்பவர் 'இந்தக் காட்சி முடியட்டும்' என்று உட்கார்ந்திருப்பார். ஆபத்து அந்த நேரத்தில்தான்.

அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 40 டிகிரியைத்தான் உச்சவரம்பாகச் சொல்கிறது. 41 டிகிரிக்கு மேல் வேண்டாம், 10 நிமிடத்துக்கு மேல் ஊற வேண்டாம் என்பது ஜப்பான் நுகர்வோர் முகமையின் அறிவுரை. தினமும் தொட்டியில் ஊறுகிற ஊர்க்காரர்கள் சொல்கிற கணக்கு அது.

முழுப் படம் பார்க்கவேண்டுமானால் தண்ணீரை 35, 36 டிகிரியில் வையுங்கள். கையை விட்டுப் பார்த்தால் 'இது வெந்நீரே இல்லையே' என்று தோன்றும். உட்கார்ந்து பத்து நிமிடம் ஆனபின் இதமாக இருக்கும், இரண்டு மணி நேரமும் அப்படியே இருக்கும். 34க்குக் கீழே போனால் கடைசி அரைமணியில் பல் கிட்டும். 38 வேண்டும் என்பவர்கள் 25 நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே வந்து, துண்டைப் போர்த்திப் பத்து நிமிடம் உட்காரவேண்டும். நம் படங்களின் ஒரே இடைவேளை இதற்குப் போதாது. மிதக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிப் போடுங்கள், பம்ப்பின் திரை காட்டும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். அது குழாய் வாயில் உள்ள சூடு.

சின்னக் குழந்தைகளுக்கு உடம்பு நம்மைவிட வேகமாகச் சூடாகும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களை ஹாட் டப்பில் இறக்கவே வேண்டாம். கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இறங்கக் கூடாது. மதுவும் வெந்நீரும் சேரவே கூடாது. இரண்டுமே ரத்தக்குழாயை விரிப்பவை, இரண்டுமே தூக்கத்தை வரவழைப்பவை. தொட்டிக்குள் தூங்கினால் மூழ்க அரை மீட்டர் தண்ணீர் போதும். குடிக்கத் தண்ணீர் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அரைமணிக்கு ஒரு டம்ளர்.

படம் முடிந்ததும் சட்டென்று எழுந்திருப்பதும் தவறு. தண்ணீரின் அழுத்தம் காலின் ரத்தக்குழாய்களை வெளியிலிருந்து பிடித்து ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்தது. எழுந்தவுடன் அந்தப் பிடி போய்விடும். விரிந்த குழாய்களில் ரத்தம் காலுக்கு இறங்கும், கண் இருட்டும். முதலில் இடுப்பளவுக்கு உயர்ந்து ஒரு நிமிடம் இருங்கள். பிறகு எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து, வெளியே போட்ட நாற்காலியில் இரண்டு நிமிடம் உட்காருங்கள். அதன்பின் நடக்கலாம்.

சாயங்காலம் ஸ்விட்ச் போட்டு ராத்திரி படம் பார்க்க நினைப்பது

ஆறு பேர் தொட்டி சுமார் 1,000 லிட்டர் பிடிக்கும். 2 கிலோவாட் ஹீட்டர் அவ்வளவு தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 35 நிமிடம் எடுக்கும். குழாய்த் தண்ணீர் 15 டிகிரி என்றால் 36க்குக் கொண்டுவர 12 மணி நேரத்துக்கு மேல், மூடியில்லாவிட்டால் இன்னும் அதிகம். அவசரத்துக்கு அடுப்பில் காய்ச்சி ஊற்றுபவர்கள் உண்டு. கொதிக்கும் பாத்திரத்தோடு ஈரத்தரையில் நடக்காதீர்கள். முந்தைய நாள் இரவே ஆரம்பித்து மூடி வைப்பதுதான் வழி. குளிர்நாட்டில் இருப்பவர்கள் படம் தொடங்கும் நிமிடம்வரை மூடியை எடுக்க வேண்டாம்.

வீட்டுக் குளியல்தொட்டியில் பிரச்சினை வேறு. தண்ணீர் கொஞ்சம்தான், சீக்கிரம் ஆறிவிடும். உள்ளே உட்கார்ந்தபடியே வெந்நீர்க் குழாயைத் திறப்பார்கள். குழாயில் 60 டிகிரி வந்தால் ஐந்து விநாடியில் தோல் வெந்துவிடும். காலை மடக்கிக்கொண்டு, குளிர்ந்த குழாயை முதலில் திறந்து, அதன்பின் வெந்நீரைக் கலந்துவிடுங்கள்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். குளியலறைக்குள் கேஸ் கீசர் மாட்டியிருந்தால், கதவையும் ஜன்னலையும் மூடிக்கொண்டு உள்ளே படம் பார்க்கவே கூடாது. எரியும்போது ஆக்ஸிஜன் குறையும், கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது. பத்து நிமிடக் குளியலிலேயே உயிர் போயிருக்கிறது. கேஸ் கீசர் அறைக்கு வெளியே இருக்கவேண்டும்.

சார்ஜரை ஈரத்துக்குப் பக்கத்தில் கொண்டுவருவது

2016இல் லண்டனில் ஒருவர் குளியல்தொட்டியில் போனை சார்ஜ் போட்டபடி இருந்து மின்சாரம் தாக்கி இறந்தார். நடைவழியிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரை உள்ளே இழுத்து, சார்ஜரை மார்பின்மேல் வைத்திருந்தார். போனுக்குள் போவது 5 வோல்ட், அதனால் ஒன்றும் ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள். 230 வோல்ட் இருப்பது சார்ஜர் தலையிலும் எக்ஸ்டென்ஷன் பெட்டியிலும். ஈரக்கையும் நனைந்த உடம்பும் மின்சாரத்துக்கு விரித்துப்போட்ட பாதை.

குளியலறைக்குள் பேட்டரியில் ஓடுகிற கருவி மட்டும்தான். முழு சார்ஜ் ஏற்றி, வயரைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வாருங்கள். டேப்லெட்டைத் தொட்டியின் குறுக்குப் பலகையில் வைக்காமல், ஒரு ஸ்டூலில், தொட்டி விளிம்பிலிருந்து குறைந்தது 60 சென்டிமீட்டர் தள்ளி நிறுத்துங்கள். 'போன் ஐபிஎக்ஸ்7 ஆச்சே' என்று, தண்ணீர் தாங்கும் அந்தத் தரக்குறியை நம்பிக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டாம். அந்தச் சோதனை சாதாரணச் சூட்டில், சுத்தமான தண்ணீரில், ஒரு மீட்டர் ஆழத்தில், 30 நிமிடம். சோப்புத் தண்ணீர் சந்துகளில் சுலபமாகப் புகும், ஆவியும் புகும். தண்ணீர் புகுந்து கெட்டால் வாரண்டி பெரும்பாலும் கிடைக்காது.

தோட்டத்தில் புரொஜெக்டர் வைப்பவர்கள் அதையும் எல்லா பிளக்குகளையும் விளிம்பிலிருந்து 3.5 மீட்டருக்கு அப்பால் வையுங்கள். நீச்சல் குளங்களுக்கான சர்வதேச மின்விதிகள் ஈர எல்லையாகப் பிடிக்கும் தூரம் அது. தொட்டியின் பம்ப்பை, மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஸ்விட்ச் வழியாக மட்டும் இணையுங்கள், இறங்குவதற்கு முன் அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். டக்கென்று விழவேண்டும். விழாவிட்டால் அன்று படம் கிடையாது.

ஆறு பேர் தொட்டியில் ஆறு பேரை உட்காரவைப்பது

தொட்டி வட்டம், திரை ஒரு பக்கம். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்தால் இரண்டு பேராவது திரைக்கு முதுகு காட்டுவார்கள், கழுத்தைத் திருப்பிக்கொண்டே இரண்டு மணி நேரம் போகும். படம் பார்க்க மூன்று பேர், நெருக்கினால் நான்கு. காற்றடைத்த தொட்டியில் தரையில் உட்காருவதால் கண் விளிம்புக்குச் சற்று மேலேதான் இருக்கும். திரையின் அடிப்பகுதி தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால், தொட்டி விளிம்பு வசன எழுத்துகளை மறைக்காது.

குமிழி விடும் மோட்டாரைப் படம் ஓடும்போது போடாதீர்கள். வசனம் கேட்காது. வெளிக்காற்றை உள்ளே தள்ளுவதால் தண்ணீரும் ஆறும். ஒலிபெருக்கியைப் பின்னால் வைத்துச் சத்தத்தைக் கூட்டுவதைவிட, தொட்டிக்கு முன்னால் இருபுறமும் பேட்டரி ஒலிபெருக்கி வைத்தால் குறைந்த சத்தத்திலேயே தெளிவாகக் கேட்கும். காதுக்குள் மாட்டும் ப்ளூடூத் கருவி வேண்டாம். தலை தண்ணீரில் அமிழ்ந்தால் அலை கடக்காது, பக்கத்தில் யாராவது வழுக்கி விழுந்தாலும் கேட்காது.

குளிரூட்டிய அறையிலிருந்து புரொஜெக்டரை நேராக எடுத்துவந்தால் லென்ஸில் பனி படரும். அரைமணி முன்னதாக வெளியே வைத்துவிடுங்கள். துணியால் தேய்க்க வேண்டாம், தானாகப் போகும்.

நேரடிக் கச்சேரி என்றால் தவறு தலைகீழாக நடக்கும். ஜெர்மனியின் பாட் சுல்ட்சாவில் உள்ள வெந்நீர்க் குளத்தில் உடல்சூட்டு உப்புத் தண்ணீருக்குள்ளேயே இசையை விடுகிறார்கள், நேரடிக் கச்சேரிகளும் நடக்கும். புதிதாக வருபவர்கள் தலையைத் தூக்கி மேடையைத் தேடுவார்கள். காது தண்ணீருக்கு மேலே இருந்தால் பாதிப் பாட்டுதான் கேட்கும். மல்லாந்து, முழங்காலுக்கடியில் மிதவைக் குழலை வைத்து, காது அமிழும்வரை தலையைச் சாய்க்கவேண்டும். தண்ணீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும், காற்றில் 340 சொச்சம். அதோடு மண்டை எலும்பு வழியாகவும் வருவதால் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாது. தலைக்குள்ளேயே வாசிப்பதுபோல் இருக்கும். அதற்காகத்தான் அங்கே போவது.

தண்ணீரையும் எடையையும் மறப்பது

ஐஸ்லாந்தில் குளத்தில் இறங்குமுன் நீச்சலுடையைக் கழற்றி, சோப்பு போட்டுக் குளித்தே ஆகவேண்டும். பலர் கூச்சப்பட்டுத் தவிர்க்கப் பார்ப்பார்கள். ஆனால் குளோரின் குறைவாகப் போட முடிவது அதனால்தான். எண்ணெய், கிரீம், வியர்வை எல்லாம் குளோரினைத் தின்றுவிடும். வீட்டிலும் அதே விதி. இறங்குமுன்னும் இறங்கிய பின்னும் சோதனைப் பட்டையை நனைத்துப் பாருங்கள். குளோரின் 3 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 3 பங்கு) குறையக்கூடாது, அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7.0 முதல் 7.8 வரை. வெதுவெதுப்பான தண்ணீரில் லெஜியோனெல்லா கிருமி நன்றாக வளரும். குமிழி விடும்போது அது காற்றில் தெறிக்கும் நுண்துளிகளோடு நுரையீரலுக்குப் போகும்.

கண்ணாடி டம்ளர், பாட்டில் எதுவும் தொட்டிக்குள் வரக்கூடாது. உடைந்த துண்டு தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது. தொட்டி முழுவதையும் காலிசெய்து துடைப்பதைத் தவிர வழியில்லை.

மொட்டைமாடியில் தொட்டி வைக்க ஆசைப்படுபவர்கள் முதலில் எடையைக் கணக்குப் போடுங்கள். 60 சென்டிமீட்டர் ஆழத் தண்ணீர், சதுர மீட்டருக்கு 600 கிலோ. ஆட்கள் தனி. இந்திய விதிப்படி ஆள் நடமாடும் மொட்டைமாடிக்குக் கணக்கிடும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. கட்டடப் பொறியாளர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடாமல் தொட்டியை மேலே ஏற்றாதீர்கள்.

படம் முடிந்த இரவே வடிகட்டியைக் கழற்றி அலசி, குளோரின் போட்டு மூடிவிடுங்கள். காலிசெய்வதாக இருந்தால், குளோரின் தண்ணீரைச் செடிக்கு உடனே விட வேண்டாம். மூடியைத் திறந்து இரண்டு நாள் வெயிலில் விட்டு, பட்டையில் குளோரின் நிறம் காட்டாததைப் பார்த்தபின் பாய்ச்சலாம்.