காதைக் கிழிக்கும் கராஜ் ராக், பங்க் பேண்டுகளைத் தேடிப் பிடிப்பது எப்படி

சித்தப்பாவின் பழைய கேசட் ஒன்றில்தான் எனக்கு இந்தப் பித்து தொற்றியது. 90-களில் சிங்கப்பூர் ஆர்மேனியன் ஸ்திரீட்டில் சப்ஸ்டேஷன் கலை மையத்தின் தோட்டத்தில் நடந்த கச்சேரிகளுக்குத் தவறாமல் போய்வந்தவர் அவர். வீடு மாறும்போது ஒரு பிஸ்கட் டின் நிறைய கேசட்டுகளை என்னிடம் கொடுத்தார். ஒன்றின் அட்டையில் நீல மையில் 'தி சோசன் ஃபியூ' என்று மட்டும் எழுதியிருந்தது. டிரம்ஸ் தகர டப்பாவைத் தட்டுவது போல இருந்தது. பாடுகிறவர் மைக்கை விழுங்கிவிடுவார் போல நெருங்கி நின்று கத்தினார். பாட்டு முடிந்ததும் திருப்பிப் போட்டேன். அன்று இரவு பத்துப் பதினைந்து தடவை கேட்டிருப்பேன்.

அது எந்த பேண்ட் என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள எனக்கு நான்கு மாதம் பிடித்தது. அந்த நான்கு மாதத்தில் கற்றுக்கொண்ட வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். ஸ்ட்ரீமிங் செயலி எப்படிப் பயன்படுத்துவது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதற்குள் போகவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: செயலி தானாகப் பரிந்துரைப்பதை நம்பி உட்கார்ந்தால் சுற்றிச் சுற்றி அதே இருபது பேண்டுகள்தான் வரும். இருநூறு பிரதி மட்டும் அச்சடித்த ஏழு இன்ச் ரெக்கார்டு (ஓரிரு பாட்டு மட்டும் கொள்ளும் சின்ன இசைத்தட்டு) அதற்கு எட்டாது.

படி 1: ஒரு நல்ல தொகுப்பில் தொடங்குங்கள்

தனி பேண்டில் தொடங்காதீர்கள், தொகுப்பில் தொடங்குங்கள். முதலில் 'நகெட்ஸ்'. 1972-ல் எலெக்ட்ரா வெளியிட்ட இரட்டை இசைத்தட்டு, 27 பாடல்கள், தொகுத்தவர் லென்னி கே. 60-களின் நடுவில் அமெரிக்க இளைஞர்கள் வீட்டு கராஜில் கூடிப் பழகி, ஒன்றிரண்டு சிங்கிள் வெளியிட்டுக் காணாமல் போன பேண்டுகள். அந்த அட்டைக் குறிப்பிலேயே லென்னி கே இவர்களை 'பங்க் ராக்' என்று அழைத்திருக்கிறார். லண்டனில் பங்க் வெடித்ததற்கு நான்கைந்து வருடம் முன்பே! கராஜையும் பங்க்கையும் ஏன் சேர்த்தே பேசுகிறோம் என்பதற்கு இது ஒன்று போதும்.

அது பிடித்துவிட்டால் அடுத்தது கிரிப்ட் ரெக்கார்ட்ஸின் 'பேக் ஃப்ரம் தி கிரேவ்' வரிசை. 1983-ல் தொடங்கியது. 'நகெட்ஸ்' இதற்கு முன் பூஜை அறைபோல அமைதியாக இருக்கும். என்னைக் கேட்டால் புதியவர்கள் நேராக இதற்கே வரலாம், ஆனால் முதல் நாளே பயந்து ஓடியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஃபஸ் என்று சொல்கிறோமே, கிட்டாரின் அந்தக் கரகரப்பு, அது பலருக்கு முதலில் எரிச்சலாக இருக்கும். 1958-ல் லிங்க் ரே அந்த ஒலி வேண்டும் என்று ஆம்ப் ஸ்பீக்கரைப் பென்சிலால் குத்திக் கிழித்தார். தைப்பூசத்தில் உருமி கேட்டு வளர்ந்த காதுக்கு இது அந்நியமே இல்லை. வளைந்த குச்சி தோலின் மேல் உரசி இழுபடும்போது வரும் உறுமலை நினைத்துக்கொண்டு கேளுங்கள், சட்டென்று பிடிபடும்.

படி 2: பேண்டை விடுங்கள், லேபிளைப் பிடியுங்கள்

இதுதான் எல்லாவற்றுக்கும் மூலம். அண்டர்கிரவுண்டில் ஒரு பேண்ட் இரண்டு வருடம் இருந்தால் பெரிய விஷயம். லேபிள், அதாவது ரெக்கார்டு வெளியிடும் நிறுவனம், அதை நடத்துகிறவரோ முப்பது வருடமாக அதே ரசனையோடு உட்கார்ந்திருப்பார்.

ஒரு உதாரணம். ஜப்பானின் கிட்டார் வூல்ஃப் உங்களுக்குப் பிடித்துப்போகிறது என்று வையுங்கள். அவர்களின் முதல் ஆல்பம்தான் மெம்ஃபிஸ் நகரத்து கோனர் ரெக்கார்ட்ஸின் முதல் வெளியீடு, 1993-ல் வந்தது. அந்த லேபிளைத் தொடங்கிய எரிக் ஃப்ரீடல் தி ஒப்லிவியன்ஸ் பேண்டில் வாசித்தவர். ஆக ஒரு ஜப்பானிய பேண்டிலிருந்து ஒரு லேபிள், லேபிளிலிருந்து அதன் முதலாளியின் பேண்ட், அங்கிருந்து மெம்ஃபிஸ் முழுக்க. அரை மணி நேரத்தில் கேட்க முப்பது ரெக்கார்டு சேர்ந்துவிடும்.

ஸ்டூடியோவும் இப்படித்தான். லண்டனில் டோ ராக் என்ற சின்ன ஸ்டூடியோ, எல்லாம் பழைய அனலாக் கருவிகள். தி வைட் ஸ்ட்ரைப்ஸ் 2003-ல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆல்பம் பெரும்பாலும் அங்கேதான் பதிவானது. அந்த ஸ்டூடியோவின் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் பில்லி சைல்டிஷின் தீ ஹெட்கோட்ஸ் போன்றவர்கள் வரிசையாக வருவார்கள். நீங்கள் ஏற்கெனவே விரும்பும் பெரிய பேண்டிலிருந்து தரைக்குக் கீழே இறங்க இதைவிட நல்ல படிக்கட்டு எனக்குத் தெரியாது.

இதற்கு நான் நம்புவது டிஸ்காக்ஸ் தளம். ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் லேபிள், வருடம், நாடு, பதிவு செய்தவர் எல்லாம் தனித்தனியாக இருக்கும், எந்தப் பெயரைத் தொட்டாலும் அவர்களின் மற்ற வேலைகள் திறக்கும். கண்டுபிடித்ததை எழுதிவைக்க நான் பயன்படுத்துவது தாள் நோட்டுப் புத்தகம். செயலியில் சேமித்தவற்றை மறுபடி திறந்து பார்த்ததே இல்லை. நோட்டை எம்ஆர்டியில் புரட்டுகிறேன்.

படி 3: பெயர்க் குழப்பம் (என் நான்கு மாதம் இங்கேதான் போனது)

டிஸ்காக்ஸில் 'தி சோசன் ஃபியூ' என்று தேடினேன். ஒரு பட்டியலே வந்தது. ஒரே பெயர், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஓர் எண். அந்த எண்ணை நான் கண்டுகொள்ளவில்லை. ஏதோ தளத்தின் உள்கணக்கு என்று நினைத்துவிட்டேன். முதலில் தெரிந்தவர்களின் இசைத்தட்டுக்குப் பணம் கட்டினேன். மூன்று வாரம் கழித்து வந்தது, ஆசையாக ஊசியை வைத்தால் ஜமைக்கா ரெகே. அருமையான ரெகே, இன்றும் ஞாயிற்றுக்கிழமை காலையில் போடுகிறேன். ஆனால் நான் தேடியது அதுவல்லவே.

அந்த எண்தான் விஷயம். ஒரே பெயரில் பல பேண்டுகள் இருந்தால், முதலில் பதிவானதைத் தவிர மற்ற ஒவ்வொன்றுக்கும் தளத்தார் ஓர் எண் கொடுத்துப் பிரிக்கிறார்கள். 60-களில் ஊருக்கு ஊர் பையன்கள் ஒரே மாதிரி பெயர்தான் வைத்தார்கள். சோசன் ஃபியூ என்ற பெயரில் ஜமைக்காவில் ஒரு குழு. மிச்சிகனில் இன்னொன்று, பின்னால் தி ஸ்டூஜஸில் வாசித்த ரான் ஆஷ்டன் அதில் இருந்தார். மெல்பர்னில் 1978-ல் ஒரே ஒரு ஏழு இன்ச் வெளியிட்ட பங்க் பேண்ட் ஒன்று. ஸ்ட்ரீமிங் செயலிகளில் இவர்களை ஒரே பக்கத்தில் கலந்து போட்டிருப்பதையும் பார்க்கலாம், அங்கே எண்கூட இருக்காது.

சரி, எப்படிப் பிரிப்பது? நான் இப்போது செய்வது இது. பெயரை மறந்துவிட்டு முதலில் காதால் காலத்தை முடிவு செய்யுங்கள். ஆர்கன் சத்தம், மரக்காஸ், எதிரொலிக்கும் குரல் இருந்தால் 1965-67 பக்கம் தேடலாம். கிட்டார் தடிமனாக, டிரம்ஸ் ஓட்டமாக, குரல் வறண்டு இருந்தால் 1977-க்குப் பிறகு. அப்புறம் அந்தக் காலத்துக்குள் வரும் எண்களை மட்டும் திறந்து, லேபிளையும் நாட்டையும் பாருங்கள். கடைசியாகப் பாட்டின் நீளம். என் கேசட்டை ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தேன், சில விநாடி கூடக் குறைய இருந்தாலும் ஒத்துப்போனது மெல்பர்ன் பையன்கள் மட்டும்தான்.

ரெக்கார்டு கையில் இருந்தால் இன்னும் உறுதியான வழி உண்டு. பாட்டுக் கோடுகள் முடிந்து, நடுவில் ஒட்டிய வட்டக் காகிதம் தொடங்கும் இடத்தில் ஒரு மொட்டை வளையம் இருக்கும். ஃபோன் டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். கறுப்புக்குள் வெள்ளி நூல் போல ஓர் எண் எழும்பி வரும், சிலவற்றில் கையால் கீறிய ஒரு வார்த்தையும் இருக்கும். அதை அப்படியே டிஸ்காக்ஸில் 'ரன்அவுட்' என்ற வரியோடு ஒப்பிடுங்கள். பெயர் ஏமாற்றும், அட்டையை மறு அச்சு போடலாம், இந்தக் கீறல் அந்தப் பதிப்பை மட்டுமே சொல்லும்.

படி 4: உங்களைப் போன்ற காதுள்ள ஒருவரைக் கண்டுபிடியுங்கள்

இன்றைய பேண்டுகளுக்கு, அவர்களே தங்கள் இசையை நேராக விற்கும் பேண்ட்கேம்ப் தளம்தான் என் தேர்வு, வேறு எதையும் சிபாரிசு செய்யமாட்டேன். டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுப்பது 15 விழுக்காடு, மீதியில் பெரும்பங்கு பேண்டுக்கு. ஆனால் அதன் உண்மையான பொக்கிஷம் விற்பனை அல்ல. ஆல்பம் பக்கத்தில் அதை வாங்கியவர்களின் குட்டிக் குட்டிப் படங்கள் இருக்கும். ஒரு படத்தைத் தொட்டால் அந்த மனிதர் வாங்கிய எல்லாமே தெரியும். பிரபலமான ஆல்பத்தில் இதைச் செய்யாதீர்கள், பயனில்லை. நாற்பது பேர் மட்டும் வாங்கிய, உங்களுக்கு உயிரான ஒரு டெமோவில் (ஆல்பத்துக்கு முந்தைய எளிய பதிவு) செய்யுங்கள். அந்த நாற்பது பேரில் ஒருவர் எனக்கு ஆறு வருடமாக வழிகாட்டி. அவர் யாரென்றே தெரியாது, ஒரு பூனைப் படம்தான். அவர் வாங்குவதில் பாதி எனக்கும் வேண்டியிருக்கிறது.

பக்கத்தின் அடியில் இருக்கும் நகரப் பெயரையும் தொட்டுப் பாருங்கள். ஜகார்த்தா, பாண்டுங், கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று நம் அக்கம்பக்கமே திறக்கும்.

*பிற்சேர்க்கை:* பேண்ட்கேம்ப் ஃப்ரைடே என்று தளம் அறிவிக்கும் சில வெள்ளிக்கிழமைகளில் அது தன் பங்கை விட்டுக்கொடுக்கும், 2020 மார்ச்சில் தொடங்கிய வழக்கம். வெள்ளிக்கிழமை காலை வாங்கியும் அது கணக்கில் வரவில்லையே என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். அது பசிபிக் நேரக் கணக்கு. நமக்கு வெள்ளி மதியம் 3 மணிக்குத் தொடங்கி (அங்கே குளிர்காலமானால் 4 மணி) சனி மதியம் வரை. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

*இன்னொன்று:* வெளிநாட்டிலிருந்து ரெக்கார்டு வாங்கும்போது கட்டணத்தில் 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்வதைப் பற்றிப் பலர் கேட்டார்கள். 2023 முதல் 400 வெள்ளிக்குள் அடங்கும் பொருள்களுக்கும், விற்பவர் இங்கே பதிவு பெற்றவரானால், உண்டு. அதைவிட அஞ்சல் செலவுதான் கடிக்கும். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழைக்கிறோம்.

படி 5: ரேடியோ

நியூஜெர்சியின் டபிள்யூஎஃப்எம்யூ. விளம்பரம் கிடையாது, நேயர்களின் நன்கொடையில் ஓடுகிறது. நிகழ்ச்சி நடத்துகிறவர் விரும்பியதைப் போடலாம். பாடல் பட்டியலில் லேபிளும் வருடமும் சேர்ந்தே வருவதால் படி 2-க்கு நேராகப் போய்விடலாம். அவர்களின் இரவு 9 மணி நமக்கு மறுநாள் காலை 9 அல்லது 10. வேலைக்குப் போகிற வழியில் கேட்கத் தோது.

படி 6: நம் ஊரை விட்டுவிடாதீர்கள்

இதைக் கடைசியில் வைத்தாலும் என் மனதில் முதலிடம் இதற்குத்தான். 1961-ல் கிளிஃப் ரிச்சர்டும் தி ஷேடோஸும் இங்கே வந்து வாசித்துவிட்டுப் போன பிறகு புளோக்குக்குப் புளோக், கம்போங்குக்குக் கம்போங் கிட்டார் குழுக்கள் முளைத்தன. 1964-ல் தி குவெஸ்ட்ஸ் தங்கள் பாட்டால் உள்ளூர்ப் பட்டியலில் பீட்டில்ஸையே முதலிடத்திலிருந்து இறக்கினார்கள். மலாயில் 'பாப் யே யே' என்று ஒரு முழு அலை எழுந்தது. அந்தக் குழுக்களுக்கு 'குகிரான்' என்று பெயர், 'கும்புலான் கிட்டார் ரஞ்சாக்' என்பதன் சுருக்கம், அதாவது துள்ளலான கிட்டார் குழு. 2014-ல் சப்லைம் ஃப்ரீக்வன்சீஸ் என்ற அமெரிக்க லேபிள் இவற்றைத் தொகுத்து வெளியிட்டது. தேசிய நூலக வாரியத்தின் மியூசிக்எஸ்ஜி தொகுப்பிலும் பழைய பதிவுகள் இருக்கின்றன. என் பாட்டியிடம் ஒரு பாப் யே யே பாட்டைப் போட்டுக் காட்டினேன், அடுத்த வரியை அவர் பாடினார்.

பின்னால் வந்த நம் ஊர் பேண்டுகளையும் தேடுங்கள்: 80-களில் தொடங்கிய ஆப்போசிஷன் பார்ட்டி, 90-களின் ஃபோர்ஸ் வாமிட், 2017-ல் கிளாஸ்டன்பரி மேடை ஏறிய வோர்ம்ராட். கராஜ், பங்க் எல்லைக்கு வெளியே போனாலும் ருத்ராவைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. 1992-ல் நம் தமிழ்ப் பிள்ளைகள் இங்கே தொடங்கிய மெட்டல் பேண்ட், சமஸ்கிருத மந்திரங்களை அந்த இடிமுழக்கத்துக்குள் கொண்டுவந்தவர்கள். சையது ஆல்வி சாலையில், முஸ்தபாவுக்குக் காய்கறி வாங்கப் போகிற அதே சாலையில், பிளாக்ஹோல் 212 என்ற இடத்தில் சில ஆண்டுகள் பங்க் கச்சேரி நடந்தது. தேக்காவில் வளர்ந்த எனக்கு அது மூடிய பிறகுதான் தெரிந்தது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

அதனால் தேடலை ஒத்திப்போடாதீர்கள். எஸ்பிளனேடில் நடக்கும் பேபீட்ஸ் இசைவிழா இலவசம், முதல் அனுபவத்துக்கு ஏற்றது. அங்கே பிடித்த பேண்டின் இன்ஸ்டாகிராமைப் பின்தொடர்ந்தால் சின்னக் கச்சேரிகளின் சுவரொட்டி கண்ணில் படும். சுவரொட்டியில் கடைசியாக, சின்ன எழுத்தில் இருக்கும் பேண்டுக்காகவே சீக்கிரம் போங்கள். காதடைப்பான் கட்டாயம், பஞ்சு போதாது. முன்வரிசையில் யாராவது விழுந்தால் உடனே கைகொடுத்துத் தூக்குங்கள், உங்களையும் தூக்குவார்கள். வெளியே மேசை போட்டு கேசட் விற்பார்கள். ரொக்கம் இல்லாவிட்டாலும் பேநவ் இருக்கும்.

*கடைசிப் பிற்சேர்க்கை:* முதல் ஏழு இன்ச் வாங்கிய தம்பி ஒருவர் "பாடுகிறவர் குரல் பேய் மாதிரி இழுக்கிறது, ரெக்கார்டு பழுதா?" என்று கேட்டிருந்தார். பழுதில்லை தம்பி. பங்க் ஏழு இன்ச்கள் சில 45 வேகத்தில் ஓடும், சில 33-ல் ஓடும், பலவற்றின் நடுக் காகிதத்தில் அதை எழுதியிருக்கவே மாட்டார்கள். வேகத்தை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.