பெரிய கிளி வாங்குவதற்கு முன் ஒரு மாத ஒத்திகை

நீலமும் மஞ்சளுமான பஞ்சவர்ணக்கிளியையோ ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியையோ வாங்க ஆசைப்படுபவர்கள் முதலில் விசாரிப்பது விலையைத்தான். என்னைக் கேட்டால், அதற்கு முன்பே உங்கள் வயதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். நல்ல பராமரிப்பில் பஞ்சவர்ணக்கிளி 50 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடும். ஆகவே 45 வயதில் குஞ்சு வாங்குபவர், தமக்குப் பின் அதை ஏற்றுக்கொள்ளப் போகிறவர் யார் என்பதை இப்போதே பேசி முடித்திருக்க வேண்டும். "பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்" என்று நாமாக நினைத்துக்கொள்வது போதாது. அந்தப் பிள்ளையே வாய்விட்டுச் சம்மதித்திருக்க வேண்டும்.

சத்தத்தைப் பற்றியும் ஏமாறாதீர்கள். காட்டில் தொலைவிலிருக்கும் கூட்டத்தோடு தொடர்பு அறுந்துவிடாமல் இருக்கவே இந்தக் கிளிகள் அப்படி உரக்கக் கத்துகின்றன. விடியலிலும் அந்தியிலும் எழும் அந்தக் குரலை எந்தப் பயிற்சியாலும் முழுவதும் அடக்க முடியாது. ஏற்கெனவே வளர்ப்பவர் ஒருவரின் வீட்டில் மாலை 6 மணிக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். பிறகு பக்கத்து வீட்டாரிடம் பேசுங்கள்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது அதன் தனிமை. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் ஒரு வீட்டில் சாம்பல் கிளி ஒன்றைப் பார்த்தேன். காலை 9 மணி முதல் இரவு 7 மணி வரை அது தனியாகவே இருந்தது. நெஞ்சிலும் இறக்கைகளுக்கு அடியிலும் இறகுகளைப் பிடுங்கிப் பிடுங்கித் தோல் தெரிந்தது. தலையில் மட்டும் இறகுகள் ஒழுங்காக இருந்தன, ஏனென்றால் அதன் அலகு எட்டாத இடம் அது ஒன்றுதான். இறகு பிடுங்குவதற்கு நோயும் காரணமாக இருக்கலாம் என்பதால் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். ஆனால் கூட்டமாக வாழப் பிறந்த பறவை நாள் முழுதும் தனித்திருப்பதை மருந்தால் ஈடுகட்ட முடியாது.

எனவே கிளி இல்லாமலேயே ஒரு மாதம் ஒத்திகை பாருங்கள். தினமும் காலையில் அரை மணி நேரம் ஒதுக்கி, கேரட், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, முருங்கைக்கீரை என்று அதற்குரிய உணவை நறுக்கி வையுங்கள். (சூரியகாந்தி விதையை மட்டுமே போட்டு வளர்த்தால் வைட்டமின் ஏ குறைந்து, கல்லீரலில் கொழுப்பு சேரும். அவகேடோ எனப்படும் வெண்ணெய்ப்பழமும் சாக்லேட்டும் அதற்கு நஞ்சு.) மாலையில் கிளி கூண்டுக்கு வெளியே இருக்க வேண்டிய இரண்டு மணி நேரம், மே மாதப் புழுக்கமானாலும், கூடத்தில் சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டுக் கைப்பேசி இல்லாமல் உட்காருங்கள். நான்-ஸ்டிக் தவாவைச் சமையலறையிலிருந்து அப்புறப்படுத்துங்கள். அளவுக்கு மீறிச் சூடானால் அதன் பூச்சிலிருந்து எழும் புகை, கிளியைச் சில நிமிடங்களிலேயே கொன்றுவிடும். சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள் ஆகியவற்றையும் நிறுத்த வேண்டும், வீட்டில் பெரியவர்கள் இதற்கு உடன்படுவார்களா என்பதும் இந்த மாதத்திலேயே தெரிந்துவிடும். ஐந்தாறு நாள்களுக்கு மேல் தவறவிட்டீர்கள் என்றால் வாங்க வேண்டாம். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் சாம்பல் கிளியும் காக்கட்டூ என்னும் கொண்டைக்கிளியும் வேண்டவே வேண்டாம். அவற்றின் இறகிலிருந்து மாவுபோல ஒரு தூள் ஓயாமல் உதிரும்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் நாட்டுப் பச்சைக்கிளிகளை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அச்சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், பஞ்சவர்ணக்கிளி, சாம்பல் கிளி போன்ற வெளிநாட்டு இனங்களையும் பதிவு செய்தே வைத்திருக்க முடியும். அதற்கான விண்ணப்பத்தை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் அளிக்க வேண்டும். "பேப்பர் பிறகு தருகிறேன்" என்று சொல்லும் விற்பனையாளரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாக, பறவைகளுக்குச் சிகிச்சை அளித்துப் பழகிய கால்நடை மருத்துவரைத் தேடுங்கள். நாய், பூனை பார்க்கும் எல்லா மருத்துவர்களும் கிளி பார்ப்பதில்லை. கிளி தன் நோயை மறைத்துக்கொள்ளும் உயிர்; அது சோர்ந்து கூண்டின் தரையில் அமரும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். கிராம் கணக்கில் காட்டும் தராசில் தினமும் நிறுத்து எழுதி வந்தால்தான் எடை குறைவதை முன்கூட்டியே அறிய முடியும். அவசரத்துக்கு ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் அப்படிப்பட்ட மருத்துவர் ஒருவர் கிடைக்கும் வரை, யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.