டிஸ்க்கில் பெரிய இன்டெக்ஸ் கட்டும்போது எங்கே சறுக்குகிறோம்?

எந்தச் சொல் எந்தெந்த ஆவணங்களில் வருகிறது என்று, சொல்லுக்கொரு ஆவண எண் பட்டியலாகக் குறித்து வைப்பதுதான் தேடலுக்கான இன்டெக்ஸ். ஒன்றிரண்டு ஜிபி உரைக்கு அதை எப்படிக் கட்டினாலும் ஓடிவிடும். நூற்றுக்கணக்கான ஜிபி என்று வரும்போதுதான் டிஸ்க்கின் சுபாவம் தெரியும்.

சொல் கண்ணில் பட்டவுடன் டிஸ்க்கில் அதன் பட்டியலைத் தேடிப்போய் ஆவண எண்ணைச் சேர்ப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. சுழலும் ஹார்ட் டிஸ்க் ஓரிடம் விட்டு இன்னோரிடம் போகச் சுமார் 10 மில்லிசெகண்ட் ஆகும். ஒரு கோடி சொல்லுக்கு ஒரு கோடி தடவை அலைந்தால் ஒரு லட்சம் விநாடி, 27 மணி நேரத்துக்கும் மேல். ஒரு கோடி சொல் ஒன்றும் பெரிய தொகை இல்லை. சில நூறு எம்பி தமிழ் உரையிலேயே வந்துவிடும். அதே டிஸ்க், வரிசையாக எழுதச் சொன்னால் விநாடிக்கு 100 எம்பியைச் சாதாரணமாக எழுதும். அதனால் சொற்களை முதலில் ரேமில் சேருங்கள். நிறைந்ததும் அகரவரிசைப்படுத்தி ஒரே மூச்சில் ஒரு கோப்பாக எழுதுங்கள். கடைசியில் எல்லாக் கோப்புகளையும் ஒன்றாக இணையுங்கள். எஸ்எஸ்டியில் அலைச்சல் குறைவுதான். ஆனாலும் துளித்துளியாக எழுதினால் அதற்கும் தேய்மானம்.

ரேமைக் கஞ்சத்தனமாக ஒதுக்கினால் ஆயிரக்கணக்கில் குட்டிக் கோப்புகள் சேரும். லினக்ஸில் ஒரு நிரல் திறந்து வைக்கக்கூடிய கோப்புகளின் வழக்கமான வரம்பு 1024. இணைக்க எல்லாவற்றையும் ஒன்றாகத் திறக்கும்போது வரம்பைத் தாண்டி, இரவெல்லாம் ஓடிய வேலை அந்தக் கட்டத்தில் வந்து விழும். இணைக்கும்போது கோப்புக்குச் சில எம்பியாவது பஃபர் (படித்ததைத் தற்காலிகமாக வைக்கும் ரேம் இடம்) கொடுங்கள், இல்லாவிட்டால் பழைய அலைச்சலே திரும்ப வரும்.

ஆவண எண்களை முழுசாக எழுதுவதும் வீண். 1000045-க்குப் பின் 1000052 வந்தால் இடைவெளியான 7-ஐ மட்டும் எழுதுங்கள். 4 பைட்டுக்குப் பதில் 1 பைட் போதும்.

தமிழ் உரை என்றால் சொல் பிரிப்பதில் கூடுதல் கவனம் வேண்டும். பைத்தானின் வழக்கமான ரெகுலர் எக்ஸ்பிரஷன் (உரையில் எழுத்து வடிவங்களைத் தேடிப் பிரிக்கும்) நூலகம் துணைக்குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளாது. ‘தமிழ்’ என்பது ‘தம’, ‘ழ’ என்று இரண்டாக உடையும். இன்னொன்று, ‘கொடி’யில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ‘ெ’, ‘ா’ என இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. இன்டெக்ஸில் அவை இரண்டு வேறு சொற்கள். தேடுகிறவருக்குப் பாதி ஆவணங்கள் கிடைக்காமலே போகலாம். உரையை முன்கூட்டியே என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது இப்படிப் பிரிந்த குறிகளை ஒரே குறியீடாக்கும் யூனிகோடு வடிவத்துக்கு மாற்றுங்கள், தேடல் சொல்லையும் அப்படியே மாற்றுங்கள். பெரிய வேலையைத் தொடங்கும் முன் பத்து ஆவணங்களுக்கு மட்டும் இன்டெக்ஸ் கட்டி, அதிலுள்ள சொற்பட்டியலைத் திறந்து கண்ணால் படித்துப் பாருங்கள்.