கார்டு மாறும்போது விரல் எங்கே போகிறது? ஆர்பெஜியோ சோலோவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐந்து சுரங்கள் கொண்ட பென்டாடோனிக் ஸ்கேலை வைத்தே ஒரு வருடம் கிட்டாரில் சோலோ வாசித்துச் சலித்துப்போன பிறகுதான் பலரும் ஆர்பெஜியோ பக்கம் வருகிறார்கள். நானும் அப்படி வந்தவன்தான். பின்னால் கார்டு மாறிக்கொண்டே இருக்கிறது, நம் வாசிப்பில் அது தெரியவே இல்லை என்ற உறுத்தல். கார்டின் சுரங்களைச் சேர்த்து அடிக்காமல் ஒவ்வொன்றாக வாசித்தால் அதுதான் ஆர்பெஜியோ. கார்டின் சுரங்களையே வாசிக்கும்போது அது கார்டோடு பொருந்தாமல் எங்கே போய்விடும் என்று நினைத்தேன். ஆறு மாதம் கழித்து போனில் பதிவு செய்து கேட்டேன். பொருந்தத்தான் செய்தது. ஆனால் சோலோ மாதிரி இல்லை, லிஃப்ட் மேலே போய்க் கீழே வருவது மாதிரி இருந்தது.

உதாரணத்துக்கு ஏ கீயில் 12 பார் ப்ளூஸை எடுத்துக்கொள்வோம். ஒரு பார் என்றால் நான்கு பீட். மூன்றே கார்டு. முதல் நான்கு பார் ஏ7; அப்புறம் இரண்டு பார் டி7, இரண்டு பார் ஏ7; கடைசி நான்கு பாரில் இ7, டி7, ஏ7, இ7 என்று ஒவ்வொன்று. ஏ7-ன் சுரங்கள் ஏ, சி ஷார்ப், இ, ஜி. டி7-க்கு டி, எஃப் ஷார்ப், ஏ, சி. இ7-க்கு இ, ஜி ஷார்ப், பி, டி. ஒவ்வொன்றிலும் வரிசையாக ரூட் (கார்டுக்குப் பெயர் தரும் சுரம்), தேர்ட், ஃபிஃப்த், செவன்த்.

ஒவ்வொரு கார்டுக்கும் ரூட்டிலிருந்து கிளம்புவது

லிஃப்ட் சத்தத்துக்கு இதுதான் முதல் காரணம். ஷேப்பை, அதாவது கிட்டாரில் விரல் வைக்கும் அமைப்பை, ரூட்டிலிருந்து மேலே போய்த் திரும்பி வருவதாகத்தான் எல்லோரும் பழகுகிறோம். அதனால் கார்டு மாறியதும் கை தானாகப் புது ரூட்டைத் தேடி ஓடுகிறது. ஏ7-ல் உச்சியில் அழகாக ஏதோ வாசித்துக்கொண்டிருப்போம். டி7 வந்ததும் அதை அப்படியே விட்டுவிட்டு ஐந்தாவது கம்பிக்கு இறங்கி, டி-யிலிருந்து மறுபடி படியேறுவோம். பாதி வாக்கியத்தில் எழுந்துபோய் வேறொரு பேச்சைத் தொடங்குவது போன்றது இது.

என்னோடு பேஸ் வாசிக்கும் நண்பன் ஒருநாள் பொறுமையிழந்து கேட்டான்: “மச்சான், ரூட்டை நான்தான் வாசிக்கிறேனே, நீ வேற எதுக்கு?” அவன் சொன்னது சரி. ரூட் ஏற்கெனவே பேஸில் கேட்டுக்கொண்டிருக்கிறது. கார்டின் குணத்தைச் சொல்லும் சுரங்கள் தேர்டும் செவன்த்தும். மேஜரா மைனரா என்பதைத் தேர்ட் சொல்லும், அடுத்த கார்டை நோக்கி இழுப்பதில் செவன்த்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இதை கிட்டாரிலேயே பாருங்கள். மெல்லிய கம்பியை ஒன்றாவது என்று எண்ணினால், நான்காவது கம்பியில் 5-வது ஃப்ரெட் (கிட்டார் கழுத்தில் உள்ள கட்டம்) ஜி, மூன்றாவது கம்பியில் 6-வது ஃப்ரெட் சி ஷார்ப். ஏ7-ன் செவன்த்தும் தேர்டும் அவைதான். இரண்டையும் ஒரு ஃப்ரெட் இறக்குங்கள். எஃப் ஷார்ப், சி கிடைக்கும், டி7 வந்துவிட்டது. ஏ7-ன் இடத்திலிருந்து இரண்டையும் ஒரு ஃப்ரெட் ஏற்றினால் ஜி ஷார்ப், டி. அது இ7. முழு ப்ளூஸும் இரண்டு கம்பியில், 4-வது ஃப்ரெட்டிலிருந்து 7-வது ஃப்ரெட்டுக்குள் அடங்கிவிட்டது! ஏ7-ல் செவன்த் இருந்த கம்பிக்கு டி7-ல் தேர்ட் வந்துவிடும், தேர்ட் இருந்த கம்பிக்குச் செவன்த். கை நகர்வது ஒரே ஒரு ஃப்ரெட், காதில் கேட்பது முழுக் கார்டு மாற்றம். ஒரு வாரம் வேறு எதுவும் வேண்டாம், இந்த ஆறு சுரங்களை மட்டும் வைத்து 12 பாரையும் சுற்றிச் சுற்றி வாசியுங்கள். சலிப்பாக இருக்கும் என்று நினைப்பீர்கள். எனக்கு ஐந்து ஷேப்புகள் தராததை இது தந்தது.

கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. நம் காதுக்கு ஆதார சட்ஜம் ஒன்றுதான். தம்புரா ஒலித்துக்கொண்டே இருக்கும், எல்லாச் சுரத்தையும் அதோடு வைத்தே கேட்கிறோம். அதே காதோடு ப்ளூஸுக்கு வந்தால் மூன்று கார்டுக்கும் ஏ-யையே சட்ஜமாகப் பிடித்துக்கொள்கிறோம். டி7 வரும்போது டி-யைச் சட்ஜமாகவும் எஃப் ஷார்ப்பை அந்தர காந்தாரமாகவும் மனதுக்குள் பாடிப் பாருங்கள். கொஞ்ச நாளில் காது வழிக்கு வரும்.

கார்டு மாறிய பிறகு யோசிப்பது

80 டெம்போவில் (நிமிடத்துக்கு 80 பீட்) ஒரு பார் மூன்றே விநாடி. 5-வது பாரில் டி7 கேட்ட பிறகு “சரி, டி7, எங்கே வைப்பது” என்று யோசித்தால் ஒரு பீட் போய்விடும். அந்த ஒரு பீட்டில் ஏ7-ன் சி ஷார்ப் டி7-க்கு மேல் ஒலித்துக்கொண்டிருக்கும். செவன்த் சி-யாக இருக்க வேண்டிய இடத்தில் அரைச் சுரம் தள்ளி ஒலிப்பதால் சுருதி விலகியது போலக் கேட்கும். அரை பீட் முன்னால் போய்ச் சேர்ந்தால் அது ஸ்டைல். பின்னால் போனால் தடுமாற்றம்.

4-வது பாரின் மூன்றாவது பீட்டிலேயே 5-வது பாரின் முதல் சுரம் எது என்று முடிவாகியிருக்க வேண்டும். பழக எளிய வழி: நான்கு பாரும் சும்மா இருங்கள். நான்காவது பாரின் கடைசி பீட்டில் சி ஷார்ப், ஐந்தாவது பாரின் முதல் பீட்டில் சி. இரண்டே சுரம். அது சரியாக விழ ஆரம்பித்த பிறகு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று எனக் கூட்டிக்கொண்டே போகலாம்.

எல்லா ஷேப்பையும் மனப்பாடம் செய்த பிறகுதான் வாசிப்பேன் என்பது

கார்டு ஒன்றுக்கு ஐந்து ஷேப், கார்டு வகை நான்கு, கீ பன்னிரண்டு என்று கணக்குப் போட்டுப் பட்டியல் தயாரிப்பவர்கள் நிறைய. பட்டியல் முடிவதற்குள் கிட்டார் கட்டிலுக்கு அடியில் போய்விடும். ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட் 1928 தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் பாதிக்கப்பட்ட பிறகு, சோலோவைப் பெரும்பாலும் மீதி இரண்டு விரல்களால்தான் வாசித்தார். அவர் வாசிப்பில் ஆர்பெஜியோ நிறைய இருக்கும். நமக்கு நான்கு விரல் இருக்கிறது. 4-லிருந்து 8 வரை ஐந்து ஃப்ரெட்டுக்குள் மூன்று கார்டையும் கண்டுபிடித்தால் முதல் சில மாதங்களுக்கு அது போதும். ஸ்வீப் பிக்கிங்கும் (பிக்கை ஒரே வீச்சில் கம்பிகள் மேல் இழுப்பது) வேகமும் தனி வித்தை, இப்போதைக்கு அதில் இறங்க வேண்டாம்.

சுரங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஒலிப்பது

சின்ன விஷயம்தான், ஆனால் பதிவில் பளிச்சென்று தெரியும். டி7-ல் டி மூன்றாவது கம்பியின் 7-வது ஃப்ரெட், அடுத்து வரும் எஃப் ஷார்ப் இரண்டாவது கம்பியின் அதே 7-வது ஃப்ரெட். விரலைப் படுக்க வைத்து இரண்டையும் அழுத்தினால் இரண்டும் சேர்ந்து ஒலித்து மறுபடி கார்டாகிவிடும். விரல் நுனியில் டி-யை வாசித்து, அப்படியே விரலை உருட்டி எஃப் ஷார்ப்புக்குப் போக வேண்டும். உருளும்போதே மூன்றாவது கம்பியின் அழுத்தம் விடுபட்டு அது அடங்கிவிடும்.

கார்டு சுரம் தவிர வேறு எதையும் தொடாமல் இருப்பது

புதிதாக மதம் மாறியவரைப் போல, ஆர்பெஜியோ கற்றதும் பென்டாடோனிக்கைத் தூக்கி எறிந்துவிடுகிறோம். வாசிப்பு சுத்தமாகவும் உப்புச்சப்பில்லாமலும் ஆகிவிடுகிறது. ஏ7-க்கு மேல் சி-யைத் தொட்டு, ஹாமர்-ஆனில் (மறுபடி மீட்டாமல் அடுத்த விரலைக் கம்பியில் தட்டி) சி ஷார்ப்புக்கு ஏறிப் பாருங்கள். மூன்றாவது கம்பியில் 5-லிருந்து 6. ப்ளூஸின் ருசியில் பாதி அந்த ஒரு ஃப்ரெட்டில் இருக்கிறது. அதே சி டி7-ல் கார்டின் சொந்தச் சுரம். ஏ7-ல் வழிப்போக்கன், டி7-ல் வீட்டுக்காரன். மற்ற கார்டு சுரங்களையும் இப்படி ஒரு ஃப்ரெட் கீழிருந்து நெருங்கலாம். நெருங்கும் சுரம் பீட்டுக்கு இடையில், கார்டு சுரம் பீட்டின் மேல் விழுந்தால் பெரும்பாலும் தப்பாகாது.

மூச்சு விடாமல் வாசிப்பதும் பயிற்சி அறையிலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் பழக்கம். மெட்ரோனோமோடு எட்டு எட்டாகப் பழகியதை அப்படியே சோலோவில் கொட்டுகிறோம். 12 பார் ப்ளூஸைப் பாடகர்கள் வழக்கமாக மூன்று வரியாகப் பாடுவார்கள். ஒரு வரி, அதுவே மறுபடி, பிறகு அதற்குப் பதில் போல மூன்றாவது வரி. ஒவ்வொரு வரியும் ஏறக்குறைய இரண்டு பாரில் முடிந்துவிடும். மீதி இரண்டு பாரில் பாடகர் சும்மா இருப்பார், வாத்தியம் பதில் சொல்லும். நீங்களும் இரண்டு பார் வாசித்து, இரண்டு பார் விடுங்கள். விட்ட இடத்தில் கை துடிக்கும், துடிக்கட்டும்.

கடைசியாக, பேக்கிங் டிராக், அதாவது பின்னணிக்காகப் பதிவு செய்த இசை. அது இருக்கும்வரை எல்லாம் நன்றாகவே கேட்கும், ஏனென்றால் கார்டு மாற்றத்தை அதுவே சொல்லிவிடுகிறது. அதை நிறுத்திவிட்டு மெட்ரோனோமை மட்டும் வைத்து 12 பார் சோலோ வாசித்துப் பதிவு செய்யுங்கள். மறுநாள் கேளுங்கள், அல்லது ப்ளூஸ் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து டி7 எங்கே வருகிறது என்று கையைத் தட்டச் சொல்லுங்கள். என் பேஸ் நண்பன் முதல் தடவை 7-வது பாரில் தட்டினான். போன மாதம் 5-வதில் தட்டினான், ஆனால் 10-வது பாரில் வந்த டி7-ஐ இன்னும் கண்டுபிடிக்கவில்லை.