பழைய கற்குருசைச் சுத்தம் செய்யப் போகிறீர்களா? ஆசிட்டைக் கீழே வையுங்கள்

ஒவ்வொரு ஐப்பசியிலும் இதே காட்சிதான். நவம்பர் 2 கல்லறைத் திருநாள் நெருங்கினால் ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கத்து இளைஞர் குழுக்கள் வாளியும் பிரஷ்ஷுமாகக் கிளம்பிவிடுகின்றன. கல்லறைத் தோட்டம் முடிந்ததும் சாலையோரக் குருசடி, கொண்டை ஊசி வளைவில் நிற்கும் கற்குருசு என்று கை நீள்கிறது. நல்ல மனசுதான். ஆனால் நாங்கள் அந்தக் காலத்தில் செய்து கெடுத்த வேலைகளையே அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள். பங்குச் சாமியாரிடம் அனுமதி வாங்கு, அட்டைப்பூச்சி கடிக்காமல் இருக்க உப்பு எடுத்துப் போ என்பதை எல்லாம் யாரும் சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

ஆசிட்

கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டைத்தான் சொல்கிறேன். மலிவாகக் கிடைக்கிறது, ஊற்றியதும் பலன் தெரிகிறது, அதுதான் வினை. குன்னூர்ப் பக்கம் ஒரு கோயில் வளாகத்தில் பீடத்தோடு ஒரு குருசு. பீடத்தில் வெள்ளைச் சலவைக்கல் பலகை, அதில் ஆங்கில எழுத்து. பாசி படிந்திருந்தாலும் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் பெயரும் ஆண்டும் படிக்க வரும். நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு தம்பி ஊற்ற ஆரம்பித்துவிட்டான். "பாருங்கண்ணா, அழுக்கு எப்படிப் பொங்குதுன்னு!"

பொங்கியது அழுக்கில்லை, கல். சலவைக்கல் என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டால் கரைந்து, கார்பன் டை ஆக்சைடு நுரையாக வரும். பள்ளிக்கூட ஆய்வகத்தில் எல்லோரும் செய்து பார்த்த சோதனைதான். நுரை வரவர அழுக்குப் போகிறது என்று நினைத்து இன்னும் ஊற்றியிருக்கிறான். பலகை பால்போல் வெளுத்துவிட்டது, எழுத்தும் போய்விட்டது. இந்தப் பலகைகள் பலவற்றில் எழுத்தைக் குடைந்து ஈயம் பதித்திருப்பார்கள். குழியின் விளிம்பு கரைந்தால் ஈயத்துக்கு ஏது பிடிமானம்?

எனக்கு இன்னும் ஆறாதது அவன் அடுத்துச் சொன்னதுதான்: "பரவால்லண்ணா, புதுசா எழுதிடலாம்." யார் பெயரை எழுதுவது? 1905-இல் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி சென்னை மாகாணத்துக் கல்லறை, நினைவுச்சின்னக் கல்வெட்டுகளைத் தொகுத்து வெளியிட்டார். அதில் ஏறிய பெயராக இருந்தால் பிழைத்தது. இல்லையென்றால் பங்கின் அடக்கப் பதிவேட்டைப் புரட்ட வேண்டும். அங்கே யாரையும் அடக்கம் செய்யவில்லை, நேர்ச்சைக்காக நட்ட குருசு என்றால் பதிவேட்டிலும் கிடைக்காது. அந்தப் பலகைதான் ஒரே சாட்சி.

"எங்களது கருங்கல் குருசு, ஒன்றும் ஆகாது" என்பார்கள். நீலகிரி, பழனி மலைகளின் கல் பெரும்பாலும் சார்னோக்கைட். கொல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்துத்தான் இந்தப் பாறைக்கே பெயர் வந்தது. இது நுரைக்காது, உண்மை. ஆனால் இதன் தாதுக்களில் இரும்பு உண்டு; ஆசிட் கிளறிவிட்டால் பிறகு பழுப்புக் கறையாக வெளியே வரும். அதைவிட மோசம், கற்களுக்கு இடையில் இருக்கும் சுண்ணாம்புக் காரையை ஆசிட் தின்றுவிடும். அந்த வழியாக மழைத்தண்ணீர் இறங்கி, கற்களைப் பிணைக்க உள்ளே வைத்திருக்கும் இரும்புப் பட்டையைத் துருப்பிடிக்க வைக்கும். துரு உப்பி, கல்லைப் பிளக்கும். ஊட்டியில் உறைபனி வேறு. தண்ணீர் பனிக்கட்டியானால் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும்.

வெறும் தண்ணீர், மெத்தென்ற நைலான் பிரஷ், மூங்கில் குச்சி போதும். கீழிருந்து மேலாக நனையுங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த கல்லில் கோடு கோடாக இறங்கிக் கறையாகும். கல்லில் ஒட்டிய வட்ட வட்டப் பூஞ்சைத் திட்டு எழுத்தை மறைக்கவில்லையென்றால் அதன்பாட்டுக்கு இருக்கட்டும்.

கம்பிப் பிரஷ்

கூடாது.

சில்வர் பெயின்ட்

அதுவும் கூடாது. திருவிழாவுக்கு என்றாலும் கூடாது.

சிமென்ட்

காரை போன இடத்தில் கொத்தனார் சிமென்டைத்தான் அப்புவார். அவர் கையில் இருப்பது அதுதான். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் விடாது, ஈரம் கல் வழியே வெளியேறப் பார்த்து, கல்லின் மேல்தோல் உப்புப் பூத்து உதிரும். பின்னால் பெயர்த்தெடுத்தால் கல் விளிம்பும் சேர்ந்து வரும். நீற்றிய சுண்ணாம்பும் மணலும் தெரிந்த ஆள் கிடைக்கும்வரை இடைவெளியை அப்படியே விடுங்கள்.

பார்த்ததையெல்லாம் குருசு என்பது, குருசையெல்லாம் கல்லறை என்பது

தலைச்சுமையை இறக்கி வைக்க நட்ட சுமைதாங்கிக் கல்லின் மேல்கல் விழுந்திருந்தால், அதைக் குருசின் அடிக்கல் என்று படமெடுத்து எனக்கு அனுப்புகிறார்கள். நில அளவைக்காரர்கள் பாறையில் வெட்டிய கூட்டல் குறியையும் அனுப்புகிறார்கள். நடுவில் வளையம் இருந்தால் "அயர்லாந்துக்காரர் கல்லறை" என்று முடிவே கட்டிவிடுகிறார்கள். அயர்லாந்தின் மொனாஸ்டர்பாய்ஸில் நிற்கும் 10-ஆம் நூற்றாண்டுக் குருசு போன்றவற்றின் பாணிதான் அது. ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டன் முழுக்க அது மோஸ்தராகிவிட்டது. யார் வேண்டுமானாலும் செய்யச் சொல்லியிருக்கலாம். அடியில் மூன்று படி இருந்தால் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று பொருள் சொல்வார்கள். அதை வைத்துக் காலம் கணிக்க முடியாது. பிரான்ஸின் பிரிட்டனி கிராமங்களில் வழியோரக் குருசுகள் நிறைய உண்டு. வழிப்போக்கர் நின்று செபிக்க, பவனி நின்று போக வைத்தவை. கொடைக்கானலில் 1866-இல் சலேத் மாதா கோயிலைக் கட்டியதும் பிரெஞ்சு இயேசு சபைக் குருக்கள்தான். இந்த மலைகளில் சாலையோரம் ஒரு குருசைப் பார்த்தால் அடியில் ஆள் இருப்பதாகத் தோண்டித் துருவ வேண்டாம்.

எழுத்தைப் படிக்க சாக்பீஸும் மைதாவும்

வேண்டாம். சாயங்காலம் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள்; வெயில் இருந்தால் முகம் பார்க்கும் கண்ணாடியால் ஒளியைத் திருப்புங்கள்.

மெழுகுவர்த்தி

இதைத் தடுக்கப் போகாதீர்கள், ஊரோடு சண்டைதான் வரும். நேர்ச்சைக்கு ஏற்றுகிறவர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். பீடத்திலிருந்து ஓரடி தள்ளி ஒரு இரும்புத் தட்டு வைத்தால் அவர்களே அங்கே ஏற்றுவார்கள்.

படம் எடுக்கும்போது

அளவுக்கு ஸ்கேல் வையுங்கள். ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து அனுப்பாதீர்கள். அதன் அளவே எத்தனையோ தடவை மாறிவிட்டது.