பழைய வண்டிக்கு முதல் குளிர்காலம்: சாலையில் உப்பு விழுவதற்கு முன்னால்

டொராண்டோ பக்கம் புதிதாக வந்து, கையில் இருக்கிற காசுக்குப் பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய கொரோலாவோ சிவிக்கோ வாங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். நல்ல முடிவுதான். எண்ணெய் மாற்றிக்கொண்டே இருந்தால் எஞ்சின் இன்னும் பல வருடம் ஓடும். ஆனால் இந்த ஊரில் எஞ்சின் நன்றாக ஓடும்போதே அடிப்பக்கம் துருப்பிடித்து உடைப்புக் கடைக்குப் போகிற வண்டிகள் நிறைய.

பனியைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். பனி வண்டியை ஒன்றும் செய்யாது. பனியை உருக்கச் சாலையில் கொட்டுகிறார்களே, அந்த உப்புதான் ஆளைத் தின்கிறது. வேறொன்றுமில்லை, நாம் ரசத்தில் போடுகிற அதே சோடியம் குளோரைடு, சுத்தம் செய்யாத கல்லுப்பாக. உலகத்திலேயே பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் இதே ஒன்டாரியோவில், கோட்ரிச் என்ற ஊரில், ஹியூரான் ஏரிக்கு அடியில் இருக்கிறது. அதனால் இங்கே உப்புக்குப் பஞ்சமே வராது. பெசன்ட் நகரிலோ திருவான்மியூரிலோ குடியிருந்தவர்களுக்கு இந்தக் கதை தெரியும்: கடற்காற்றில் ஜன்னல் கம்பி இரண்டே வருடத்தில் பொரிந்துபோகும். இங்கே கடல் இல்லை, ஆனால் நவம்பர் முடிவிலிருந்து ஏப்ரல் வரை வண்டி கடலில் கால் நனைத்தபடி நிற்கிறது.

இது எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. என் முதல் வண்டியை ஒரு தனி ஆளிடம் வாங்கினேன். பெயின்ட் பளபளவென்று இருந்தது. குனிந்து பார்த்தால் அடிப்பக்கம் முழுக்கப் புதிதாகக் கறுப்பு பூசியிருந்தது. 'ஆஹா, எவ்வளவு அக்கறையாக வைத்திருக்கிறார்' என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த ஏப்ரலில் டயர் மாற்றப் போன இடத்தில் மெக்கானிக் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, கதவுக்குக் கீழே ஓடும் பட்டையில் லேசாகக் குத்தினார். முறுக்கு உடைகிற சத்தம். ஸ்க்ரூ டிரைவர் பாதி உள்ளே போய்விட்டது. கறுப்புப் பூச்சு மட்டும் தோல் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. துருவின் மேலேயே பூசியிருந்தார்கள். அது ஈரத்தை உள்ளே பூட்டி வைத்து வேலையை இன்னும் வேகமாக முடித்திருந்தது.

அதனால் நான் சொல்வது இதுதான்: பழைய வண்டிக்குச் செலவழிக்க நூறு டாலர் இருந்தால் முதலில் அடியில் செலவழியுங்கள். மேலே பளபளப்பு அப்புறம்.

எப்போது, எதிலிருந்து?

அக்டோபர். நவம்பரில் குளிர் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. பெயின்ட்டும் வாக்ஸும் பிடிக்க வெளியே பத்து டிகிரிக்கு மேல் இருந்தால் நல்லது. கூடவே வண்டி நன்றாகக் காய்ந்திருக்கவும் வேண்டும். இலை உதிரும் இரண்டு மூன்று வார இறுதிகளை இதற்கு ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

முதல் வேலை பார்ப்பது. ஒரு டார்ச், ஒரு பழைய துணி, கீழே விரிக்க அட்டை. நான்கு மட்கார்டுகளின் உள்விளிம்பு, கதவுக்குக் கீழே இருக்கும் பட்டை (இங்கே ராக்கர் பேனல் என்பார்கள்), டிக்கி மூடியின் கீழ் ஓரம், பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் மூலை. துரு முதலில் தலைகாட்டும் இடங்கள் இவை. பெயின்ட் கொப்புளித்திருந்தால் துரு உள்ளேயிருந்து வெளியே வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஜாக்கி மட்டும் போட்டு வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். அடிப்பக்கம் முழுவதையும் பார்க்க, எண்ணெய் மாற்றும் நாளில் லிஃப்டில் ஏற்றியிருக்கும்போது கூட நின்று பாருங்கள். முக்கியமாக பிரேக் பைப்பைக் காட்டச் சொல்லுங்கள். விரல் பருமன் கூட இல்லாத இரும்புக் குழாய். அது துருப்பிடித்து வெடித்தால் பிரேக் மிதி தரை வரை போய்விடும். பட்டையில் ஓட்டை விழுந்தால் பணம்தான் போகும். இது உயிர் விஷயம்.

இன்னும் வண்டி வாங்கவில்லை என்றால் ஒரு வார்த்தை. ஒன்டாரியோவில் வண்டியைப் பதிந்து சாலையில் ஓட்ட 'சேஃப்டி' வேண்டும், அந்தச் சான்றிதழ் 36 நாள் செல்லும். பார்த்த அன்றைக்கு வண்டி குறைந்தபட்சத் தகுதியில் இருந்தது என்பதைத்தான் அது சொல்கிறது. வரும் குளிர்காலத்தைத் தாண்டும் என்று உத்தரவாதம் கொடுக்கவில்லை. விற்பதற்கு முந்தைய வாரம் அடியில் கறுப்பு பூசிய வண்டியைக் கண்டால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

கழுவுதல்

வீட்டு வாசலில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டாம். தெருவில் இருக்கும் சாக்கடை மூடி வழியாகப் போகும் தண்ணீர் சுத்திகரிக்கப்படாமல் ஓடைக்கும் ஏரிக்கும் போகிறது. காசு போட்டு நாமே கழுவும் இடங்கள் ஊர் முழுக்க இருக்கின்றன. ஒரு கை நிறைய டூனி (இரண்டு டாலர் நாணயம்) எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே தொங்கும் நுரை பிரஷை மட்டும் தொடாதீர்கள். உங்களுக்கு முன்னால் யாரோ சேற்று டிரக்கைத் தேய்த்த மணல் அதில் இருக்கும், உங்கள் பெயின்ட்டில் கோடு விழும். சொந்தமாக ஒரு மைக்ரோஃபைபர் கையுறையும் வாளியும் போதும்.

நேரத்தையும் காசையும் மட்கார்டுக்குள்ளும் அடியிலும் செலவழியுங்கள். அப்புறம் பானெட்டைத் திறந்து, வைப்பருக்குக் கீழே பிளாஸ்டிக் மூடி ஓரத்தில் மாட்டியிருக்கும் மேப்பிள் இலைகளைக் கையால் அள்ளி எடுங்கள். தண்ணீர் வடியும் வழி அதுதான். அடைத்துக்கொண்டால் தண்ணீர் காருக்குள் உங்கள் காலடிக்கு வரும்.

எல்லோரும் மறக்கிற ஒன்று, கதவின் அடி ஓரம். கதவைத் திறந்து குனிந்து பாருங்கள், இரண்டு மூன்று சின்னத் துளைகள் இருக்கும். கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் மழைத்தண்ணீர் வெளியே போகிற வழி. வயர் கட்டுகிற பிளாஸ்டிக் டை ஒன்றை உள்ளே விட்டுக் குடையுங்கள். போன வருடம் என் பின்கதவில் குடைந்தபோது ஃபில்டர் காபி டிகாக்ஷன் மாதிரி கறுப்புத் தண்ணீர் அரை டம்ளர் கொட்டியது. அது எத்தனை மாதமாகக் கதவுக்குள் நின்றதோ!

கல் அடி, எண்ணெய், வாக்ஸ்: இந்த வரிசையில்

நெடுஞ்சாலையில் கல் பட்டு பானெட்டில் பெயின்ட் பொட்டுப் பொட்டாகப் போயிருக்கும். முதலில் அதை அடையுங்கள். எண்ணெய் பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாது, அதனால்தான் வரிசை முக்கியம். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் நிலையில் ஒரு ஸ்டிக்கர், அநேக வண்டிகளில் பெயின்ட் எண் அதிலேயே இருக்கும். அதைச் சொல்லி டச்-அப் பேனா வாங்கலாம். துருவை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட்டில் துடைத்து, காய்ந்ததும் மெல்லியதாக இரண்டு மூன்று முறை வையுங்கள். நம்மூர் டிங்கரிங் பட்டறை அழகு வராது. வரவும் வேண்டாம், தண்ணீர் புகாமல் இருந்தால் சரி.

அடுத்தது எண்ணெய். க்ரௌன், ரஸ்ட் செக் என்று இங்கே பிரபலமான கடைகள் இருக்கின்றன. அடிப்பக்கத்திலும், கதவு, பட்டை, டிக்கி மூடி இவற்றின் உட்புறத்திலும் காயாத எண்ணெயைப் பீச்சுகிறார்கள். அது மெல்ல ஊர்ந்து தகடுகள் சேருமிடத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தண்ணீருக்கு அங்கே இடமில்லை. கறுப்பு ரப்பர் பூச்சு புது வண்டிக்குப் பரவாயில்லை, துரு தொடங்கிவிட்ட வண்டிக்கு எண்ணெய்தான் என்பது என் தீர்மானம். பேட்டரியில் ஒரு சின்ன எலெக்ட்ரானிக் பெட்டியை மாட்டினால் துரு வராது என்று விற்பவர்களும் வருவார்கள், சிரித்துவிட்டு நகருங்கள். எண்ணெய் ஒவ்வொரு வருடமும் அடிக்க வேண்டும். ஒன்றிரண்டு நாள் சொட்டும், வாடகை வீடென்றால் வாசலில் அட்டை போடுங்கள், வீட்டுக்காரர் முகம் சுளிக்க மாட்டார். கையில் காசு இல்லையா, ஸ்ப்ரே டப்பா வாங்கி நீங்களே மட்கார்டு விளிம்புக்கும் கதவு அடிக்கும் அடிக்கலாம். பிரேக் டிஸ்க்கிலும் சைலன்சரிலும் மட்டும் படக்கூடாது.

மேலே பட்ட எண்ணெயைச் சோப்பில் கழுவித் துடைத்துவிட்டு வாக்ஸ். பேஸ்ட் வாக்ஸ் இரண்டு மாதம் தாங்கினால் அதிகம். சீலன்ட் என்று கேட்டு வாங்கினால் கிட்டத்தட்டக் குளிர்காலம் முழுக்க நிற்கும். வெயில் படாத இடத்தில், பகுதி பகுதியாக.

கடைசியாகக் கதவு ரப்பர். துணியில் சிலிக்கான் ஸ்ப்ரே அடித்துச் சுற்றிலும் தடவிவிடுங்கள். உறைபனி இரவுக்கு மறுநாள் கதவு ஒட்டிக்கொண்டு, இழுத்த இழுப்பில் ரப்பர் கையோடு வந்தவர்களை எனக்குத் தெரியும். கண்ணாடியிலோ கதவிலோ சுடுதண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். கண்ணாடி விரிசல் விட்டுவிடும்.

உள்ளே

பூட்ஸோடு ஏறும் உப்புப் பனி காலடியில் உருகிக் கம்பளத்துக்குள் இறங்கும். கம்பளத்துக்கு அடியில் இருப்பது இரும்புத் தரை. ஓரம் உயர்ந்த ரப்பர் மேட் அக்டோபரிலேயே போட்டுவிடுங்கள். துணி மேட்டை வீட்டில் எடுத்து வையுங்கள். வெள்ளை வெள்ளையாக உப்புக் கறை வந்தால் வெள்ளை வினிகரும் வெதுவெதுப்பான தண்ணீரும் சரிபாதி கலந்து தெளித்து, ஒற்றி எடுத்தால் போய்விடும். வண்டியில் ஊறுகாய் வாசனை அடிக்கும், ஒரு நாளில் சரியாகிவிடும்.

மற்றவை, சுருக்கமாக

டயர் தனிக் கதை. ஏழு டிகிரிக்குக் கீழே சாதாரண டயர் இறுகிவிடும். மலையும் பனித்துகளும் பொறித்த குளிர்கால டயர் போடுங்கள். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டம். ஒன்டாரியோவில் சட்டமில்லை, ஆனால் போட்டால் காப்பீட்டில் தள்ளுபடி உண்டு, கேட்டு வாங்குங்கள். தனி இரும்பு ரிம்மோடு வாங்கினால் உங்கள் அலாய் ரிம்மும் உப்புக்குத் தப்பும். கண்ணாடி கழுவும் திரவம் -40 என்று போட்டதாக இருக்கட்டும். கோடையில் ஊற்றிய நீலத் தண்ணீரைப் பீச்சித் தீர்த்துவிட்டு ஊற்றுங்கள். இந்த -40 திரவத்தில் மெத்தனால் இருக்கிறது, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி இருந்தால் -37 வரை உறையாது. பழைய வண்டியில் யாராவது வெறும் தண்ணீரை ஊற்றி வைத்திருக்கலாம், சோதிக்கச் சொல்லுங்கள். பேட்டரி நாலைந்து வயதைத் தாண்டியிருந்தால் அதையும் சேர்த்துச் சோதித்துவிடுங்கள். ஜனவரிக் காலையில் 'டிக் டிக்' என்று மட்டும் சத்தம் கேட்பது பெரிய கொடுமை.

உப்பு விழத் தொடங்கியபின்

வெப்பநிலை பூஜ்யத்தைத் தொடும் நாளாகப் பார்த்து, பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அடியைக் கழுவுங்கள். சாம்பல் நிறத்தில் வழியும் தண்ணீர் தெளியும் வரை பீச்சுங்கள். முடிந்ததும் கதவு ரப்பரைத் துடைத்து, நான்கு கதவையும் இரண்டு முறை திறந்து மூடுங்கள். கண்டோ என்கிற அடுக்குமாடி வீடுகளில் சூடாக இருக்கும் நிலவறையில் வண்டி நிறுத்துபவர்கள் இன்னும் அடிக்கடி கழுவ வேண்டும். வெளியே உறைந்து கிடக்கும் உப்பு சும்மா இருக்கும், சூட்டில் உருகினால்தான் வேலையைத் தொடங்கும். பனி கொட்டிய காலையில் எஞ்சினை ஓட விடுவதற்கு முன்னால் சைலன்சர் வாய் பனியில் புதைந்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் விஷப்புகை காருக்குள் வரும்.

ஏப்ரலில் இரண்டு நல்ல மழை பெய்து சாலை உப்பு கரைந்ததும் இன்னொரு முறை முழுசாகக் கழுவிவிட்டு, ரப்பர் மேட்டை எடுத்துவிட்டுக் கம்பளத்தை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். ஈரம் தட்டினால் ஓரத்தைத் தூக்கி, கீழே ஒரு கட்டையைக் கொடுத்து, டேபிள் ஃபேனை அன்றைக்கே திருப்பி வையுங்கள்.