குல்லாக் குளறுபடிகள்

விளிம்பு இல்லாமல் தலையோடு ஒட்டி உட்காரும் சின்னக் குல்லாவைக் கண்டதும் நம்மில் பலருக்கு வாயில் வருவது "பாய்" என்பதுதான். முதல் தவறே அதுதான். இந்தக் குல்லாவை யூதர் போடுகிறார், கத்தோலிக்க ஆயர் போடுகிறார், உஸ்பெக் விவசாயி போடுகிறார், சிந்தி இந்துவும் போடுகிறார். சிந்தித் தொப்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் நெற்றி தெரியும்படி வளைவாக வெட்டி, பூவேலையும் கண்ணாடிச் சில்லும் வைத்துத் தைத்தது. சிந்து மாகாணத்தில் அது முஸ்லிம்களின் தலையில் இருக்கிறது. பிரிவினையில் ஊரை விட்டு இந்தியா வந்த சிந்தி இந்துக்கள் விழா நாட்களில் அதையே எடுத்துப் போடுகிறார்கள். அது மண்ணின் அடையாளம், மதத்தின் முத்திரை அல்ல. மத்திய ஆசியாவிலும் இதே கதைதான். புகாரா யூதர்களின் பெரிய, பல வண்ணப் பூவேலைக் குல்லாவும் அந்தப் பகுதி முஸ்லிம்களின் குல்லாவும் பக்கத்துப் பக்கத்து வீட்டுச் சொந்தம்போல இருக்கும்.

அடுத்தது, முஸ்லிம் என்றாலே வெள்ளை வலைத் தொப்பி என்று முடிவு கட்டுவது. நம் சினிமாவும் சீரியலும் இதை அலுக்காமல் செய்கின்றன. எந்த ஊர்க்காரர், எந்தக் காலத்தவர் என்றெல்லாம் கேள்வியே கிடையாது, கடையில் கிடைத்த தொப்பியை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். உண்மையில் ஊருக்கு ஊர் வேலைப்பாடு மாறும். கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபாரின் கோஃபியா என்ற தொப்பியில் பொடிப்பொடி ஓட்டைகளைக் குத்தி, ஒவ்வொன்றின் ஓரத்தையும் கையால் தைத்துக் கோலமாக்குகிறார்கள். பார்க்கவும் அழகு, வெக்கைக்குக் காற்றும் போகும். ஓமான் ஆண்களின் கும்மாத் தொப்பியும் கிட்டத்தட்ட அப்படியே இருப்பது தற்செயல் அல்ல. 19ஆம் நூற்றாண்டில் ஓமான் சுல்தான் தன் தலைநகரையே சான்சிபாருக்கு மாற்றியவர். கடல் கடந்து ஆட்சி போன வழியில் தொப்பியும் போய் வந்திருக்கிறது.

எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது உஸ்பெகிஸ்தானின் ஃபெர்கானா பள்ளத்தாக்கில் உள்ள சுஸ்ட் நகரத்து டோப்பி. கறுப்புத் துணி, வெள்ளை நூல், அவ்வளவுதான். உச்சியின் நான்கு பக்கங்களிலும் மிளகாய் வடிவம், கீழ்ப்பட்டையைச் சுற்றி வரிசையாகச் சின்ன வளைவுகள். நான்கு மடிப்பாகத் தைத்திருப்பதால் தட்டையாக மடித்து வைத்துக்கொள்ளலாம்.

துருக்கித் தொப்பியை இந்தக் கூட்டத்தில் சேர்ப்பதும் தவறுதான். அது பூந்தொட்டியைக் கவிழ்த்ததுபோல விறைப்பாக உயர்ந்து நிற்பது, தலையோடு ஒட்டாது. ஆதிகாலத்து இஸ்லாமியச் சின்னமும் அல்ல. சுல்தான் இரண்டாம் மஹ்மூத் 1829இல் அரசு ஊழியர்களுக்குக் கட்டாயமாக்கியபோது அது நவீனத்தின் அடையாளம். 1925இல் அதே துருக்கி அதைத் தடை செய்தபோது பழமையின் அடையாளம். நடுவில், 1905இல், இலங்கையில் வழக்கறிஞர் எம். சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியோடு நீதிமன்றத்தில் நிற்கத் தடை வந்து, அங்குள்ள முஸ்லிம்கள் திரண்டு போராடியது தனிக் கதை.

போப்பாண்டவரின் வெள்ளைக் குல்லாவுக்கு வருவோம். அது யூதரின் குல்லாவான கிப்பாவைப் பார்த்துச் செய்தது என்று அடித்துப் பேசுகிறவர்கள் உண்டு. பார்வைக்கு ஒன்றுபோல இருப்பது உண்மைதான், ஆனால் பின்னணி வேறு. அந்தக் காலத்துக் கத்தோலிக்கக் குருக்கள் உச்சந்தலையை மழித்துக்கொள்வார்கள். கல்லால் கட்டிய ஐரோப்பியக் கோயில்களின் குளிரில் அந்த இடத்தை மூடத்தான் சுக்கெட்டோ என்ற இந்தக் குல்லா வந்தது. எட்டு முக்கோணத் துண்டுகளை இணைத்து, உச்சியில் ஒரு சின்னக் காம்பு வைத்துத் தைப்பார்கள். திருத்தந்தைக்கு வெள்ளை, கர்தினாலுக்குச் சிவப்பு, ஆயருக்கு ஊதா. நிறத்தை மாற்றிச் சொன்னால் பதவியையே மாற்றிச் சொன்னதாகிவிடும். கல்லேரியில் பிறந்த தமிழர் சைமன் லூர்துசாமி 1985இல் கர்தினாலானபோது ஊதா போய்ச் சிவப்பு வந்தது.

கிப்பா விஷயத்தில் இரண்டு பிழைகள் அடிக்கடி கண்ணில் படும். ஒன்று, எல்லா யூத ஆண்களும் தலையை மூட வேண்டும் என்று யூதர்களின் வேதமான தோராவில் எழுதியிருப்பதாகச் சொல்வது. அங்கே தலைப்பாகை குருக்களுக்கு மட்டும்தான். பொதுவான வழக்கம், தால்முத் என்ற யூத விளக்க நூலின் காலத்துப் பேச்சுகளிலிருந்து மெல்ல வளர்ந்து பிற்காலத்தில்தான் உறுதிப்பட்டது. இன்னொன்று, எல்லாக் கிப்பாவும் ஒன்றே என்பது. இஸ்ரேலில் கறுப்பு வெல்வெட் பெரும்பாலும் பழமைவாதச் சமூகங்களைக் காட்டும், பின்னல் கிப்பா மத தேசியவாதிகளோடு சேர்த்துப் பார்க்கப்படும். ஆனால் இதை வைத்துக்கொண்டு எதிரே வருகிறவரின் அரசியலைக் கணிக்கக் கிளம்பினால் பல்பு வாங்க வேண்டியதுதான். பாட்டி பின்னிக் கொடுத்தாள் என்பதற்காகப் போடுகிறவரும் இருப்பார்.

இத்தனூண்டு துணிக்கு இவ்வளவா என்று நினைப்பதும் சரியில்லை. அமெரிக்க விமானப்படையில் உளவியலாளராக இருந்த கோல்ட்மன் சீருடையோடு கிப்பா அணிந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1986இல் 5-4 என்ற கணக்கில் அவர் தோற்றார். அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் சட்டம் போட்டு, அடக்கமான சமய உடைகளுக்கு ராணுவத்தில் இடம் கொடுத்தது.

சரி, விருந்தினராகப் போகும்போது? தொப்பி இல்லாவிட்டால் தொழுகையே கூடாது என்று பல முஸ்லிம்களே நினைப்பதுண்டு. மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோர் அதை நிபந்தனையாகச் சொல்வதில்லை. அணிவது சிறப்பா, வெறும் வழக்கமா என்பதில்தான் சர்ச்சை. நம் ஊர்ப் பள்ளிவாசல்கள் சிலவற்றில் வாசலில் கூடையில் தொப்பி வைத்திருப்பார்கள், எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். ஜெருசலேமின் மேற்குச் சுவருக்குப் போகும் ஆண்கள் தலையை மூடியே ஆக வேண்டும், கையில் எதுவும் இல்லாதவர்களுக்கு அங்கேயே குல்லா கிடைக்கும். கத்தோலிக்கக் கோயிலில் நேர்மாறு, ஆண்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டும். ஆயர் மட்டும் ஏன் போட்டிருக்கிறார் என்று கேட்கத் தோன்றினால் கொஞ்சம் பொறுங்கள். திருப்பலியின் மையப் பகுதியான நற்கருணை மன்றாட்டு தொடங்கும் முன் அவரும் கழற்றிவிடுவார்.